குரோம் வந்த முதல் வாரத்தில் ஐடி ஆட்கள் அதை எப்படிப் பார்த்தார்கள்?

கேள்வி இதுதான்: 2008 செப்டம்பரில் குரோம் முதன்முதலாக வெளிவந்தபோது ஐடி துறையில் இருந்தவர்கள் அதை உண்மையில் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? "வந்த அன்றைக்கே ஜெயித்துவிட்டது, அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது" என்று இப்போது பலர் சொல்கிறார்களே, அது சரியா?

சரியில்லை. அப்போது நான் ஒரு நடுத்தர நிறுவனத்தில் சிஸ்டம் அட்மின். நானூறு கம்ப்யூட்டர், ஒரு புரோக்சி சர்வர் (அலுவலகத்திலிருந்து இணையத்துக்குப் போகும் ஒரே வாசல்), ஹெல்ப் டெஸ்க்கில் இரண்டு பேர். அந்த முதல் வாரத்தில் ஒரே பிரவுசரைப் பற்றி இரண்டு விதமான பேச்சு ஓடியது. புரோகிராம் எழுதுகிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஃபோன் எடுக்கிற எங்களைப் போன்றவர்கள் தலையில் கை வைத்தோம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பும் பேசியது பெரும்பாலும் ஒரே விஷயங்களைப் பற்றித்தான். ஒருவருக்கு வசதியாகத் தெரிந்தது இன்னொருவருக்கு வம்பாகத் தெரிந்தது. ஜெயிக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை, நான் பார்த்தவரை.

முதலில் அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அலுவலகங்களில் பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பி. அதில் 2001-ல் வந்த ஐஇ6, அதாவது மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, அசையாமல் உட்கார்ந்திருந்தது. 2006-ல் ஐஇ7 வந்த பிறகும் பல இடங்களில் அதை ஏற்றவில்லை. ஏற்றினால் உள்ளே ஓடுகிற ஏதாவது ஒரு அப்ளிகேஷன் உடையும் என்ற பயம், அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. டெவலப்பர்கள் எப்போதோ ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் போய்விட்டார்கள். 2008 ஜூன் 17-ல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்து, ஒரே நாளில் 80 லட்சத்துக்கும் மேல் டவுன்லோடு ஆகி, கின்னஸ் சாதனை என்று கொண்டாடி ஓய்ந்திருந்த நேரம். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஐஇ8-ன் இரண்டாவது பீட்டாவும், அதாவது சோதனைப் பதிப்பும், வந்துவிட்டது. ஆக, புதிதாக ஒரு பிரவுசர் வேண்டும் என்று யாரும் வரிசையில் நிற்கவில்லை. அதுவும் கூகிளிடமிருந்து. ஃபயர்ஃபாக்ஸைச் செய்கிற மோசில்லாவுக்குக் காசு கொடுக்கிற ஒப்பந்தத்தை 2011 வரைக்கும் நீட்டித்ததாகச் செய்தி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "ஃபயர்ஃபாக்ஸுக்குப் படியளக்கிறவனே எதற்காகத் தனிக் கடை போடுகிறான்?" என்பதுதான் எங்கள் டீமில் எழுந்த முதல் கேள்வி.

செய்தி வந்த விதமே விநோதம். பத்திரிகை அறிக்கைக்கு முன்னால் ஒரு காமிக்ஸ் வந்தது. ஸ்காட் மெக்கிளவுட் வரைந்தது, 38 பக்கம். வெளியிட வேண்டிய நாளுக்கு முன்பே அதன் பிரதிகள் தபாலில் போய்ச் சேர்ந்துவிட, செப்டம்பர் 1 அன்று இணையத்தில் ஸ்கேன் பக்கங்கள் சுற்ற ஆரம்பித்தன. அன்றே கூகிள் வேறு வழியில்லாமல் அறிவித்தது. அறிவிப்பில் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் சுந்தர் பிச்சை. அப்போது அந்தப் பெயரை நாங்கள் யாரும் நின்று கவனிக்கவில்லை. மறுநாள், செப்டம்பர் 2, பீட்டா டவுன்லோடுக்கு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டாவுக்கு மட்டும்.

அந்தக் காமிக்ஸை விளம்பரம் என்று ஒதுக்க முடியாது. நான் படித்த பிரவுசர் விளக்கங்களிலேயே தெளிவானவற்றில் அது ஒன்று. பிராசஸ் என்றால் என்ன, மெமரி ஏன் துண்டு துண்டாகச் சிதறுகிறது, ஒரு டேப் தொங்கினால் மற்றது ஏன் சேர்ந்து தொங்குகிறது என்பதையெல்லாம் பொம்மை போட்டு விளக்கியிருந்தார்கள். பக்கத்து சீட்டு டெவலப்பர் மதிய சாப்பாட்டுக்குப் போகாமல் அதை முழுக்கப் படித்துவிட்டு, "பிரவுசர்னா ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம்னு சொல்றாங்க சார்" என்றார். அந்த வாக்கியம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பராமரிக்கிற பாடே போதாதா?

சரி, முதல் பத்து நிமிடம். இன்ஸ்டால் செய்து திறந்தால் மேலே மெனு பார் கிடையாது. ஃபைல், எடிட், வியூ எதுவும் காணோம். டேப்கள் ஜன்னலின் உச்சியில், தலைப்புப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில். முகவரிப் பெட்டியும் தேடல் பெட்டியும் ஒன்றாகிவிட்டது. புது டேப் திறந்தால் அடிக்கடி போகிற ஒன்பது பக்கங்கள் குட்டிக் குட்டிச் சதுரமாக. பிரவுசரின் ஓரச் சட்டம், பட்டன், பட்டை இதற்கெல்லாம் தொழிலில் 'குரோம்' என்றுதான் பெயர். அந்த குரோமைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்துக்கு குரோம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அப்புறம் ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினேன். அந்த நிமிடம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் மாதிரியே ஒரு குட்டி ஜன்னல். ஒவ்வொரு டேப்பும் தனி வரி. எந்தப் பக்கம் எவ்வளவு மெமரி தின்கிறது, எவ்வளவு சிபியு எடுக்கிறது, நெட்வொர்க்கில் எவ்வளவு இழுக்கிறது, எல்லாம் பக்கத்திலேயே எண்ணாக. பக்கங்களில் வீடியோ, விளையாட்டு எல்லாம் ஓட்டிய ஃப்ளாஷ் தனி வரி. நாலு டேப் திறந்து வைத்துக்கொண்டு நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடித்துவைத்தேன். அந்த டேப்பில் மட்டும் ஒரு சோக முகம் வந்தது. மற்ற மூன்றும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. ஃப்ளாஷ் வரியைக் கொன்றேன். எல்லா டேப்பிலும் ஃப்ளாஷ் இருந்த இடம் மட்டும் வெறுமையாகி, பக்கம் நின்றது.

இதில் என்ன அதிசயம் என்று இன்றைக்குக் கேட்பீர்கள். அன்றைக்கு ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்த புகார்களில் பாதி "பிரவுசர் தொங்குது" என்பதுதான். எந்தப் பக்கத்தால் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சொல்லவும் வழியில்லை. பதினைந்து டேப் திறந்திருப்பார்கள், ஒன்று சிக்கினால் மொத்தமும் போகும், பாதி டைப் அடித்த படிவமும் சேர்ந்து போகும். குற்றவாளி யார் என்று பிரவுசரே பெயர் சொல்லிக் காட்டிக்கொடுப்பதை நாங்கள் முதல்முறையாகப் பார்த்தோம். அந்த ஜன்னலின் கீழே 'மேதாவிகளுக்கான புள்ளிவிவரம்' என்கிற அர்த்தத்தில் ஒரு இணைப்பு இருந்தது. அதை அழுத்தினால் இன்னொரு பக்கம் திறந்து, குரோமின் மெமரி கணக்கோடு, அதே கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிற ஃபயர்ஃபாக்ஸ், ஐஇ இவற்றின் கணக்கையும் வரிசையாகக் காட்டியது. பக்கத்து வீட்டுக்காரன் மின்சார பில்லையும் சேர்த்துப் படித்துக் காட்டுகிற மாதிரி.

அந்தக் கணக்கில் குரோம் எப்போதும் ஜெயிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குரோமில் டேப்கள் தனித்தனி பிராசஸாக, அதாவது தனித்தனி புரோகிராம் மாதிரி, ஓடின. அப்படி ஓடினால் ஒவ்வொன்றுக்கும் அடிப்படைச் செலவு உண்டு. இருபது டேப் திறந்தால் ஃபயர்ஃபாக்ஸ் 3-ஐ விட அதிகம் தின்றது. ஆனால் டேப்பை மூடினால் அந்த மெமரி உடனே திரும்பி வந்தது. காலையில் திறந்த பிரவுசரைச் சாயங்காலம் வரை மூடாதவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது. இன்னொரு நுணுக்கம், அந்த வாரம் பலரும் தவறாகச் சொன்னது: 'ஒரு டேப்புக்கு ஒரு பிராசஸ்' என்பது முழு உண்மை இல்லை. ஒரு பக்கத்திலிருந்து இணைப்பை அழுத்தித் திறந்த டேப்கள் பெரும்பாலும் அதே பிராசஸைப் பகிர்ந்துகொண்டன. மொத்த எண்ணிக்கைக்கும், ராம் அளவைப் பொறுத்து, ஒரு உச்சவரம்பு இருந்தது. ஆக, அம்மா டேப் விழுந்தால் பிள்ளை டேப்பும் விழலாம்.

டெவலப்பர்கள் பேசியது வேகத்தைப் பற்றி. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற வி8 எஞ்சினை டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் லார்ஸ் பாக் தலைமையிலான சிறு குழு எழுதியது. அதுவரை மற்ற பிரவுசர்கள் ஜாவாஸ்கிரிப்டைப் படிப்படியாக அர்த்தம் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தன. வி8 அதை நேராக, கம்ப்யூட்டருக்கே புரிகிற மெஷின் கோடாக மாற்றியது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பொருளுக்கு (ஆப்ஜெக்ட்) எப்போது வேண்டுமானாலும் புதுப் பண்பைச் சேர்க்கலாம் என்பதால் அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று எஞ்சினுக்கு முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். ஒரே விதமாக உருவான பொருள்களை வி8 ஒரே வகுப்பில் உள்ளுக்குள் சத்தமில்லாமல் சேர்த்து வைத்தது, அதனால் அடுத்த முறை தேடாமல் நேராகப் போய் எடுத்தது. மெமரியைச் சுத்தம் செய்யும்போதும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புரட்டாமல், புதிதாக வந்தவற்றை அடிக்கடியும் பழையவற்றை எப்போதாவதும் பார்த்தது.

எங்கள் டெவலப்பர்கள் அலுவலகத்திலேயே எழுதிய ஒரு ரிப்போர்ட் பக்கம் இருந்தது. ஆயிரக்கணக்கான வரிகளை பிரவுசரிலேயே வரிசைப்படுத்தும். ஐஇ6-ல் அதைத் திறந்தால், 'ஸ்கிரிப்ட் மெதுவாக ஓடுகிறது, நிறுத்தவா?' என்று ஐஇ கேட்கும். ஃபயர்ஃபாக்ஸில் கொஞ்சம் முக்கிவிட்டு முடிக்கும். குரோமில் அழுத்தினால் வரிசை மாறியிருந்தது. எழுதிய பையன் அது ஓடவே இல்லை என்று நினைத்து இன்னொரு முறை அழுத்தினான், வரிசை தலைகீழாக மாறியது. அப்போதுதான் நம்பினான்.

ஆனால் சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள், சரியாகத்தான் சந்தேகப்பட்டார்கள். கூகிள் காட்டிய எண்கள் கூகிளே உருவாக்கிய சோதனைகளில் வந்தவை. மோசில்லாவின் பிரெண்டன் ஐக், ஜாவாஸ்கிரிப்ட் மொழியையே உருவாக்கியவர், மறுநாளே பதில் கொடுத்தார்: சன்ஸ்பைடர் என்ற வேகச் சோதனையில் தங்கள் டிரேஸ்மங்கி எஞ்சின் வி8-க்கு முன்னால் நிற்கிறது என்று. இரண்டு வாரத்தில், பக்கத்தை வரைகிற வெப்கிட் (ஆப்பிளின் சஃபாரி பிரவுசருக்கு அடிப்படை) தரப்பிலிருந்து இன்னொரு புது எஞ்சின் அறிவிப்பு. ஒரே செப்டம்பரில் மூன்று தரப்பும் ஜாவாஸ்கிரிப்ட் வேகத்துக்காக மல்லுக்கட்டின. டிரேஸ்மங்கி மக்கள் கைக்கு வர 2009 ஜூன் ஆனது, ஃபயர்ஃபாக்ஸ் 3.5-ல். குரோம் கையில் இருந்தது. அதுதான் வித்தியாசம்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வந்த செய்திகள் வேறு மாதிரி. யாரோ ஒருவர் பயன்பாட்டு ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்திருக்கிறார். பதினோராவது பிரிவு: இந்தச் சேவை வழியாக நீங்கள் அனுப்புகிற, பதிகிற, காட்டுகிற எதையும் பயன்படுத்த, மாற்ற, வெளியிடக் கூகிளுக்கு நிரந்தர உரிமை. ஒரு பிரவுசருக்கு இது பொருந்தினால் அலுவலக மின்னஞ்சல், ஒப்பந்த வரைவு, சம்பளப் பட்டியல் எல்லாம் அதில் அடக்கம். எங்கள் சட்டப் பிரிவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. மற்ற சேவைகளுக்கு எழுதிய பொது ஒப்பந்தத்தை அப்படியே ஒட்டிவிட்டோம், தவறு, என்று கூகிள் ஒரே நாளில் அந்தப் பிரிவை மாற்றி, ஏற்கெனவே டவுன்லோடு செய்தவர்களுக்கும் புது வாசகமே பொருந்தும் என்றது. சட்டப் பிரிவு சமாதானமாகவில்லை. 'கவனிக்காமல் ஒட்டியது இது ஒன்றுதானா?' என்று கேட்டார்கள். அதற்கு நான் என்ன சொல்ல?

பாதுகாப்புப் பக்கமும் ஆரம்பம் சறுக்கல்தான். முதல் பீட்டா பழைய வெப்கிட்டைக் கொண்டு கட்டப்பட்டிருந்தது. கேட்காமலே ஃபைலை டவுன்லோடு செய்துவிடுகிற ஓட்டையை ஆப்பிள் சஃபாரியில் ஜூன் மாதமே அடைத்திருந்தது. குரோமில் அது திறந்தே இருந்தது. இன்னொன்று இன்னும் சுவாரஸ்யம். முகவரியில் ஒரு குறிப்பிட்ட விதமாக ஒரு சொல்லும் அதன் பின்னால் ':%' என்கிற இரண்டு குறிகளும் இருந்தால் குரோம் மொத்தமாகப் படுத்துவிடும், எல்லா டேப்போடும். ஒரு டேப் விழுந்தால் மற்றது விழாது என்று மார்தட்டிய பிரவுசர் எப்படி மொத்தமாக விழுந்தது? டேப்கள் எல்லாம் பிள்ளைகள். முகவரியைக் கையாள்வது தாய் பிராசஸ். அது விழுந்தால் பிள்ளைகள் நிற்க இடமில்லை. சுவர்களைப் பலமாகக் கட்டிவிட்டு அஸ்திவாரத்தில் ஒரு செங்கல்லை விட்டிருந்தார்கள். சில நாளில் சரிசெய்தார்கள்.

முகவரிப் பெட்டி விஷயம்தான் அதிக நாள் ஓடியது. அதில் நீங்கள் தட்டுகிற எழுத்துகள், எண்டர் அழுத்துவதற்கு முன்பே, பரிந்துரை காட்டுவதற்காகக் கூகிளுக்குப் போகும். அதில் சுமார் 2 சதவீதத்தை ஐபி முகவரியோடு சேர்த்து வைப்போம் என்று கூகிள் தரப்பே சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் 24 மணி நேரத்துக்குள் அடையாளத்தை நீக்கிவிடுவோம் என்று அடுத்த வாரமே இறங்கி வந்தார்கள். ஜெர்மனியில் அரசின் தகவல் பாதுகாப்பு அமைப்பே இந்தப் பீட்டாவைப் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தது. அங்கேயே ஒரு நிறுவனம், குரோமின் மூல நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பயன்படுத்தி, கூகிளுக்குத் தகவல் அனுப்புகிற பகுதிகளை வெட்டிவிட்டு 'அயர்ன்' என்ற பெயரில் அதே மாதம் ஒரு பிரவுசரை வெளியிட்டது. எங்கள் உள் சர்வர்களின் பெயரை யாராவது முகவரிப் பெட்டியில் தட்டினால் அதுவும் வெளியே போகுமே என்பதுதான் என் கவலை. பரிந்துரையை நிறுத்த அமைப்புகளில் இடம் இருந்தது. ஆனால் நானூறு கம்ப்யூட்டரிலும் அதை மொத்தமாக நிறுத்த எந்த வழியும் அப்போது இல்லை.

இங்கேதான் எங்கள் தரப்புக் கதை ஆரம்பிக்கிறது.

அலுவலகக் கம்ப்யூட்டரில் சாதாரண யூசருக்கு அட்மின் உரிமை கொடுப்பதில்லை. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எழுத முடியாது, ஆகவே எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. பல வருடமாக எங்கள் பூட்டு இதுதான். குரோம் அந்தப் பூட்டைத் தொடவே இல்லை. யூசரின் சொந்த புரொஃபைலுக்குள், யாரும் எட்டிப் பார்க்காத அப்ளிகேஷன் டேட்டா ஃபோல்டருக்குள், போய் உட்கார்ந்துகொண்டது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. ஒரு கம்ப்யூட்டரை மூன்று ஷிஃப்டில் மூன்று பேர் பயன்படுத்தினால் மூன்று குரோம். சாஃப்ட்வேர் கணக்கெடுக்கிற எங்கள் கருவி புரோகிராம் ஃபைல்ஸை மட்டும் பார்த்ததால் அதன் அறிக்கையில் குரோமே இல்லை. பூட்டு கதவில் இருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. அதை மூடாமல் விட்டது எங்கள் தவறு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, இன்ஸ்டால் ஆனாலும் வெளியே போக முடியாது என்று நினைத்தேன். இணையத்துக்குப் போக புரோக்சி முகவரி தெரிய வேண்டும். ஃபயர்ஃபாக்ஸைத் தாங்களாக ஏற்றியவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு எங்களிடம் வருவார்கள், நாங்கள் பிடித்துக்கொள்வோம். குரோம் தனக்கென்று புரோக்சி அமைப்பே வைத்துக்கொள்ளவில்லை. ஐஇ-க்கு நாங்களே குரூப் பாலிசி வழியாக, அதாவது ஒரே இடத்திலிருந்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும், அனுப்பிய விண்டோஸ் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. தளங்களை நம்பலாமா என்று சரிபார்க்கிற சான்றிதழ்களையும் விண்டோஸ் களஞ்சியத்திலிருந்தே எடுத்தது. ஆகவே, ஏற்றிய அடுத்த நிமிடமே எல்லாம் வேலை செய்தது. எங்களிடம் ஒரு புகார் டிக்கெட்கூட வரவில்லை. டிக்கெட் வராததுதான் பிரச்சினை என்று புரிய எனக்கு மூன்று நாள் ஆனது.

நான்காம் நாள், யார் எங்கே போனார்கள் என்று புரோக்சி பதிந்துவைக்கிற லாகைத் திறந்து, பிரவுசர் அடையாள வரியில் குரோம் என்ற சொல்லைத் தேடினேன். அந்த வரி இப்படி இருக்கும்: மோசில்லா/5.0, விண்டோஸ் என்டி 5.1, ஆப்பிள்வெப்கிட்/525.13, அடைப்புக்குறிக்குள் 'கேஹெச்டிஎம்எல், கெக்கோ மாதிரி', அப்புறம் குரோம்/0.2.149.27, கடைசியில் சஃபாரி/525.13. ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரியில் மொத்த பிரவுசர் வரலாறும் இருக்கிறது. பழைய சர்வர்கள் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வந்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்திருக்கிறார்கள். லினக்ஸின் கேடிஇ திட்டத்தில் பிறந்த கேஹெச்டிஎம்எல் என்ற எஞ்சின், அதை எடுத்து ஆப்பிள் செய்த வெப்கிட், அதை எடுத்து கூகிள் செய்த குரோம். அப்படியிருந்தும் முதல் பதிப்பு லினக்ஸுக்கு வரவில்லை. எங்கள் லினக்ஸ் ஆள் அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மேக், லினக்ஸ் பீட்டாக்கள் 2009 டிசம்பரில்தான் வந்தன.

லாகில் நான் எதிர்பார்த்தது டெவலப்பர் பிரிவிலிருந்து ஏழெட்டுப் பேர். இருந்தது அறுபதுக்கும் மேல். அதில் பாதிக்கு மேல் டெவலப்பர் இல்லை.

அடுத்து அப்டேட். எங்கள் உலகத்தில் அப்டேட் என்பது ஒரு சடங்கு. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் மைக்ரோசாஃப்ட் கொடுக்கும். பத்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்போம், ஒரு வாரம் கழித்து மீதிக்கு அனுப்புவோம். குரோமோடு வந்த அப்டேட்டர் பின்னணியில் தானாக ஓடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புதிது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இறக்கி, அடுத்த முறை பிரவுசரைத் திறக்கும்போது மாற்றிவிடும். கேட்காது, சொல்லாது, நிறுத்த பட்டனும் கிடையாது. பக்கத்துப் பக்கத்து மேஜையில் இரண்டு வெவ்வேறு வெர்ஷன். "நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை" என்று ஒருவர் வந்தால் நேற்று அவரிடம் இருந்தது எது என்று யாருக்குத் தெரியும்? அட்மின்கள் கூடிய இடத்திலெல்லாம் அந்த வாரம் இதற்குத்தான் அதிக வசவு. என் பங்குக்கு நானும் கொஞ்சம் கொடுத்தேன்.

அப்புறம் எங்கள் வருகைப்பதிவு அப்ளிகேஷன். பெயர் சொல்லவில்லை, வெளியார் ஒருவர் எழுதிக் கொடுத்தது. ஐஇ-க்கென்றே மைக்ரோசாஃப்ட் செய்த ஆக்டிவ்எக்ஸ் என்ற துணை வசதி இல்லாமல் திறக்காது. குரோமில் ஆக்டிவ்எக்ஸ் கிடையாது, திறந்தால் வெள்ளைப் பக்கம். ஆகவே ஆட்கள் காலையில் ஐஇ-யைத் திறந்து வருகை பதிந்துவிட்டு, அதை மூடிவிட்டு, குரோமைத் திறந்தார்கள். அதுவரை பிரவுசர் என்றால் இணையம், இணையம் என்றால் அந்த நீல 'இ' என்று இருந்தவர்கள், எது எதற்கு என்று தாங்களாகவே பிரித்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி, முதல் வாரத்தில் எங்கள் கணிப்பில் எது தவறிப்போனது என்று பார்க்கலாம். எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் நாமே சேர்க்கிற கூடுதல் வசதி, இல்லை, விளம்பரத் தடுப்பான் இல்லை, விளம்பரத்தில் வாழ்கிற நிறுவனம் அதைக் கொடுக்கப்போவதும் இல்லை, ஆகவே டெவலப்பர்கள் ஒரு மாதத்தில் ஃபயர்ஃபாக்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். ஃபயர்பக் (ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தின் பிழையைத் தேடும் கருவி) இல்லாமல் அவர்களால் வாழ முடியாது என்றும் சொன்னேன். பாதி சரி. பலர் எழுதிய புரோகிராமைச் சோதிக்க ஃபயர்ஃபாக்ஸ், படிக்க குரோம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். 2009 டிசம்பரில் எக்ஸ்டென்ஷன்கள் வந்தன, விளம்பரத் தடுப்பான்களும் சேர்ந்தே வந்தன. பிரிண்ட் ப்ரிவ்யூ இல்லை என்று நிதிப் பிரிவு புலம்பியது நியாயமான புலம்பல், அது 2011 வரை வரவில்லை. பீட்டா என்ற சொல் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்றும் நினைத்தோம், ஜிமெயில் 2004-லிருந்து பீட்டாவாகவே இருந்ததே. குரோம் நூறே நாளில், டிசம்பர் 11 அன்று, 1.0 ஆகிவிட்டது. ஜிமெயில் அதற்கப்புறமும் ஏழு மாதம் பீட்டாவாக இருந்தது.

எல்லோரும் பார்த்தும் சரியாகப் பார்க்காத ஒன்று சாண்ட்பாக்ஸ். வேகத்தையும் டேப் கொலையையும் பற்றிப் பேசிய அளவுக்கு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பக்கத்தை வரைகிற பிராசஸுக்கு விண்டோஸில் கிட்டத்தட்ட எந்த உரிமையும் இல்லாமல் செய்திருந்தார்கள். அது ஃபைலைத் தொட முடியாது, வேண்டுமென்றால் தாய் பிராசஸிடம் கேட்டு வாங்க வேண்டும். கெட்ட பக்கம் ஒன்று பிரவுசரின் ஓட்டைக்குள் புகுந்தாலும் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே அடைபட்டிருக்கும். முதல் வாரத்து ஓட்டைச் செய்திகளைப் பார்த்துவிட்டு 'பாதுகாப்பில் கோட்டை விட்டுவிட்டார்கள்' என்று எழுதிவைத்தவர்களில் நானும் ஒருவன். 2009 மார்ச்சில், பிரவுசர்களை உடைத்துக் காட்டுகிற பௌன்டுஓன் (Pwn2Own) போட்டியில் ஐஇ8, சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றும் விழுந்தன. குரோம் விழவில்லை.

அப்டேட் விஷயத்தில் இன்னும் அசடு வழிந்தோம். 2009-ல் சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகமும் கூகிளும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. புதுப் பதிப்பு வந்து 21 நாளில் குரோம் பயன்படுத்துவோரில் 97 சதவீதம் பேர் அதற்கு மாறியிருந்தார்கள், ஃபயர்ஃபாக்ஸில் 85 சதவீதம். நாங்கள் திட்டிய அதே அப்டேட்டர்தான் காரணம். எங்கள் சடங்கில் ஐஇ பேட்ச் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர எத்தனை நாள் ஆனது என்று கணக்குப் பார்த்தேன், வெளியே சொல்லவில்லை. அதற்காக எங்கள் புகார் வெறும் முணுமுணுப்பு என்று சொல்ல மாட்டேன். எல்லாக் கம்ப்யூட்டரிலும் மொத்தமாக ஏற்ற உதவுகிற எம்எஸ்ஐ இன்ஸ்டாலரும் குரோமுக்கான குரூப் பாலிசியும் 2010 டிசம்பரில் வந்தது எங்களைப் போன்றவர்கள் விடாமல் கேட்டதால்தான். ஃபயர்ஃபாக்ஸ் 2011-ல் அடிக்கடி வெர்ஷன் மாற்றுகிற பாதைக்குப் போனபோது அதே சண்டை அங்கேயும் நடந்து, அலுவலகங்களுக்கென்று நீண்டகாலப் பதிப்பை 2012-ல் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆக, உங்கள் கேள்விக்கு வந்தால்: ஜெயித்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. இணையப் போக்குவரத்தில் முதல் சில நாளில் ஏறக்குறைய ஒரு சதவீதம் வந்தது, அதையே பலர் ஆர்வக்கோளாறு என்றார்கள். தொழில்நுட்ப ஆட்கள் வி8 பற்றியும் ஒப்பந்தத்தின் பதினோராவது பிரிவு பற்றியும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான்.

லாகில் கண்ட அந்த அறுபது பேரில் நிதிப் பிரிவில் ஒரு மூத்த அம்மா இருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. மவுஸில் வலது பட்டன் எதற்கு என்று என்னிடம் கேட்டவர். அவர் மேஜைக்குப் போய், "மேடம், இதை யார் போட்டுக் கொடுத்தாங்க?" என்றேன். "நானேதான் போட்டேன் தம்பி, அழுத்தச் சொல்லிச்சு, அழுத்தினேன். தப்பா?" என்றார். தப்பில்லை, ஏன் இது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். அவர் பழைய பிரவுசரின் ஐகானை இரண்டு முறை தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அது திறந்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம். அப்புறம் குரோமைத் தட்டினார். கை எடுப்பதற்குள் ஜன்னல் வந்துவிட்டது.

"இதுக்குத்தான்" என்றார்.